பொன்னாடைக்குப் பதில் ஒரு கோல்
பாடசாலை மெய்வல்லுநர் போட்டி முடிவுகள் பத்திரிகையில் வந்தால், ஓட்டத்தையெல்லாம் விட்டுவிட்டுப் பெண்களின் கோலூன்றிப் பாய்தலைத்தான் முதலில் தேடுகிறேன். ஜெகதீஸ்வரன் அனித்தாவால் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி வளர்த்த அந்தப் பிள்ளை, 2016 தேசிய விளையாட்டு விழாவில், எங்கள் துரையப்பா அரங்கிலேயே 3.41 மீற்றர் தாண்டி இலங்கைச் சாதனை வைத்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. பதினொரு அடிக்கும் மேலே! அரியாலையில் எங்கள் வீட்டுச் சுவரில் அந்த உயரத்தைப் பென்சிலால் குறிக்கப் பார்த்தேன், சுவர் காணவில்லை. ஆனால் எனக்கு வியப்பு உயரத்தில் இல்லை, கோலில். சப்பாத்தைப் போல அதுவும் ஆளுக்கு அளவானது. பாய்பவரின் எடைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். விறைப்பு மிஞ்சினால் வளையாது, குறைந்தால் முறியவும் கூடும். பிள்ளை வளர, வேகம் கூட, இன்னும் விறைப்பான கோல் வேண்டும். அதோடு தடித்த மெத்தையும் வேண்டும். ஆட்டோவுக்குள் அடங்காத அந்தக் கோலைப் போட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு தனிப் போட்டி. ஒலிம்பிக்கே 2000இல், சிட்னியில்தான் பெண்களை இதற்குள் விட்டது. நாங்கள் ஒன்றும் அவ்வளவு பிந்திவிடவில்லை. பிந்துவது காசு கொடுக்கிற இடத்தில். வென்று வந்தபின் மாலை, பொன்னாடை, மேடையில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நிற்கும் படம் எல்லாம் தவறாமல் நடக்கிறது. அடுத்த முறை அந்தப் பொன்னாடைக்காரர்கள், பிள்ளையின் எடை என்னவென்று பயிற்றுநரிடம் கேட்டு, ஒரு கோலுக்கு ஓடர் கொடுக்கட்டும்.