முதற்படி எது? யப்பானியச் சித்திரப் படங்கள் பற்றி ஒரு கருத்து

ஒரு கலையைப் புதிதாக அணுகும் ஒருவருக்கு வேண்டுவது அக்கலையின் தலைசிறந்த படைப்பன்று. அவர் கால் எட்டக்கூடிய முதற்படியேயாகும். ஆசிரிய கலாசாலையில் நாம் பயின்றவற்றுள் இன்றளவும் எம்மைக் கைவிடாத பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும் எளியதிலிருந்து அரியதற்கும் செல்க என்பதே. ஆத்திசூடி அறியாத பாலகனிடம் தொல்காப்பியத்தை நீட்டுவார் உளரோ? இலர். ஆயினும், ‘அனிமே’ என வழங்கும் யப்பானியச் சித்திரப் படங்களைப் பிறர்க்கு எடுத்துக்கூறும் எம் இளைஞர் பலர் இதனையே செய்கின்றனர். இதனை எமது அனுபவங்கொண்டே ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், இலக்கண வகுப்பில் மாணவன் ஒருவன் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்திற் படம் கீறிக்கொண்டிருக்கக் கண்டோம். பெரிய கண்களும் கூரிய தலைமயிரும் உடைய உருவங்கள் அவை. “கார்ட்டூன் பார்த்துக் காலத்தைப் பாழாக்குகின்றாய்” எனக் கடிந்தோம். அவன் பணிவு குன்றாது, “சேர், ஒன்றையாவது பார்த்துவிட்டு ஏசுங்கோ” என்றான். நியாயமான விண்ணப்பம். தான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்ததெனக் கருதிய ஒன்றின் பெயரைத் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தான். அஃது இசாவோ தக்காகாத்தா இயக்கி 1988 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மின்மினிகளின் கல்லறை’ என்னும் படம்.

1945 இல் கோபே நகரின்மீது நெருப்புக் குண்டுகள் பொழியப்பட்டபொழுது தாயை இழந்த 14 வயதுச் சிறுவன், தன் நான்கு வயதுத் தங்கையைக் காக்க முயன்று தோற்பதே அதன் கதை. முடிவு தொடக்கத்திலேயே கூறப்பட்டுவிடுகின்றது. ஆதலின், இனி யாதாகுமோ என்னும் ஆவல் அதில் இல்லை. ஆகப்போவதை அறிந்தும் தடுக்கவியலாத துயரே உண்டு. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபொழுது எமக்கும் வயது 14. தங்கையின் கையைப் பிடித்தபடியே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். எம் தங்கை இன்று நலமே இருக்கின்றாள். படத்துத் தங்கை பிழைக்கவில்லை. வேற்றுமை அவ்வளவே. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. பின்னர் ஓராண்டுவரை யப்பானியப் படம் எதனையும் நாம் தொடவுமில்லை.

குற்றம் படத்தின் மேலதன்று. போரின் கொடுமையை அத்துணை அடங்கிய குரலிற் கூறும் படங்கள் சிலவே. மாணவன் மேலும் குற்றங் கூறோம். அவன் தன் உள்ளத்துக்கு உகந்ததையே தந்தான். ஆனால், பெறுபவர் யார், அவர் நெஞ்சில் யாது கிடக்கின்றது என்று அவன் எண்ணிப் பார்த்திலன். பரிந்துரைப்போர் பெரும்பாலார் செய்யும் பிழை இதுவே. மற்றொரு சாரார் ‘வன் பீஸ்’ என்னும் தொடரைக் காட்டி, “இதிலிருந்து தொடங்குங்கள்” என்பர். அது 1999 இல் ஆரம்பித்து 1,100 அங்கங்களுக்கு மேல் நீண்டது. வேலை முடிந்து களைத்து வருபவரிடம் இதனைக் கூறுவது, பாரதம் முழுவதையும் படித்துவிட்டு வருக என்பது போலாம்.

பெற்றோர் செய்யும் பிழை இதற்கு நேர்மாறானது. கீறப்பட்ட படம் என்றால் குழந்தைகளுக்கு உரியது என எண்ணி, எதனையும் ஆராயாது பிள்ளைகளைத் திரையின்முன் இருத்திவிடுகின்றனர். ‘அக்கிரா’ என்னும் படமும் 1988 இல் வெளிவந்த சித்திரப் படமே. அதன் வன்முறையோ வளர்ந்தோரையும் நடுங்கச் செய்யும். சித்திரம் என்பது கதை கூறும் ஒரு வடிவம். அது பார்ப்போரின் வயதைக் குறிப்பதன்று.

அங்ஙனமாயின் முதற்படி எது? எமக்கு அதனைக் காட்டியவள் எமது மகள். ஒருநாள் மாலை அவள் பார்த்துக்கொண்டிருந்த படத்தின்முன் நாமும் அமர்ந்தோம். ஹயாவோ மியாசாக்கி இயக்கிய ‘எனது அயலவன் தொத்தோரோ’ அது. 86 நிமிடமே ஓடுவது. நோயுற்ற தாய் தங்கியுள்ள வைத்தியசாலைக்கு அண்மையில், கிராமத்து வீடொன்றிற் குடியேறும் இரு சகோதரிகளின் கதை. அதிற் பகைவன் இல்லை, சண்டை இல்லை. மழையில் பஸ் தரிப்பிடத்தில் தந்தைக்காகக் காத்துநிற்கும் மூத்தவளின் பக்கத்தில், தலையில் ஓர் இலையை வைத்துக்கொண்டு பெரியதொரு காட்டுயிர் வந்து நிற்கின்றது. அவள் அதற்குக் குடையொன்றைக் கொடுக்கின்றாள். அக்காட்சியிற் பேச்சு மிகச் சிறிது. மழைத்துளியின் ஓசையே பெரிது. வேலியும் வயலும் மழையும் அறிந்த எவர்க்கும் இப்படம் அந்நியமாகாது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் வழி இதுவேயாம். வியப்பு யாதெனின், இப்படமும் ‘மின்மினிகளின் கல்லறை’யும் ஒரே கிப்லி கலையகத்திற் பிறந்து, 1988 ஏப்ரல் 16 இல் இணைந்தே திரையிடப்பட்டவை. எமது மாணவன் அவ்விரண்டனுள் மற்றையதைத் தந்திருப்பின், எமக்கு ஓராண்டு வீணாகியிராது.

இரண்டாம் படியாக, 1989 இல் வந்த ‘கிக்கியின் விநியோகச் சேவை’யைக் கூறுவோம். 13 வயதில் வீட்டைவிட்டுச் சென்று, துடைப்பத்தின்மீது பறந்து பொதிகளை விநியோகித்து வாழும் ஒரு சூனியக்காரச் சிறுமியின் கதை. ஒருநாள் அவளுக்குப் பறக்கும் ஆற்றல் இல்லாமற் போகின்றது. ஓய்வும் நட்பும் அதனை மீட்கின்றன. பரீட்சைக்குப் படித்துப் படித்து மனஞ் சோர்ந்த மாணவர்க்கு இதனினும் நல்ல மருந்து அரிது. மூன்றாவது, ‘ஸ்பிரிட்டட் அவே’ என ஆங்கிலத்தில் வழங்கும் 2001 ஆம் ஆண்டுப் படம். 2003 இல் ஒஸ்கார் விருது பெற்றது. அதில் ஒரு சூனியக்காரி, தன்னிடம் வேலைக்கு வரும் சிறுமியின் பெயரைப் பறித்துக்கொள்கின்றாள். தன் பெயரை மறப்பவர்க்கு வீடு திரும்பும் வழியும் மறந்துபோம் என்பது அங்குள்ள விதி. பிறநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர்கள், தம் பிள்ளைகளுடன் இருந்து இதனைப் பார்ப்பார்களாக.

நான்காவது, ‘சிஹாயபுரு’ என்னும் தொடர். 2011 இல் தொடங்கிய முதற்பருவம் 25 அங்கங்கள் கொண்டது. நூறு புலவர் பாடிய நூறு பழம்பாடல்களை வைத்து ஆடும் ‘கருத்தா’ என்னும் சீட்டாட்டமே இதன் பொருள். பாடலின் முற்பகுதி வாசிக்கப்படும். பிற்பகுதி எழுதிய சீட்டை யார் முதலில் தட்டிப் பறிக்கின்றாரோ, அச்சீட்டு அவர்க்காம். முதல் ஓரிரு அசைகள் காதில் விழுந்த அளவிலேயே மாணவர்கள் பாய்கின்றனர்.

அந்நியப் படங்களைப் பார்த்தால் தமிழ்ப் பிள்ளைகள் தமிழை மறப்பர் என்போர்க்கு எமது மறுமொழி இதுவே. இத்தொடரைப் பார்த்தபின், குறட்பாக்களின் இரண்டாம் அடிகளை அட்டைகளில் எழுதி மேசைமீது பரப்பினோம். முதலடியை நாம் வாசித்தோம். மனனம் என்றாலே முகஞ் சுளித்த பையன்கள் அட்டைக்காக அடிபட்டார்கள். எமது பயிற்சிக் காலத்துக் குறிப்பேடுகளில் இல்லாத ஓர் உபாயத்தை யப்பானியப் பள்ளி மாணவர் எமக்குக் கற்பித்தனர்.

இந்நான்கும் கடந்தபின் ‘மின்மினிகளின் கல்லறை’யைப் பாருங்கள். அதனைத் தவிர்க்கச் சொல்லோம். ஆயின் இளையோர் தனித்துப் பார்த்தல் வேண்டா. பெரியோர் ஒருவர் பக்கத்தில் இருத்தல் நன்று. இடம்பெயர்ந்த நாட்களை அறிந்த பெரியோராயின், பார்த்து முடிந்தபின் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய சொந்தக் கதையும் அவரிடம் இருக்கும். எம் வீட்டில் அக்கதை அவ்வாறுதான் முதன்முதலிற் சொல்லப்பட்டது.

அன்று படம் கீறிய மாணவன் இன்று எம் பழைய மாணவருள் ஒருவன். இம்மலர் அவன் கைக்கும் எட்டும். அவனுக்கு யாம் கூற வேண்டுவன இரண்டு. பாராமல் ஏசியது எமது பிழை, அதனை ஒப்புக்கொள்கின்றோம். நீ எழுதித் தந்த படம் சிறந்ததே, தம்பி, வரிசைதான் பிழைத்தது. இனி எவர்க்கேனும் ஒரு படத்தைச் சொல்லுமுன், அவர் எங்கு நிற்கின்றார் என்று முதலிற் கேட்பாயாக.