பதினேழு நோயாளிகளும் ஒரு பழைய பாடமும்

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது; இனி ஒட்டுண்ணியின் மரபணுவைத் துருவுவானேன், நுணுக்குக்காட்டி போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். சிகிச்சை தொடங்கப் போதும். ஆனால் அது ஒட்டுண்ணியின் இனத்தைக் காட்டும். அந்த இனத்தின் எத்தனை மரபுவழிகள் ஒரே உடலில் கலந்திருக்கின்றன என்பதைக் காட்டாது. மனித இரத்தத்தில் இந்த ஒட்டுண்ணிக்கு ஒற்றை மரபணுத் தொகுதிதான். ஒரே குறியிடத்தில் இரண்டு வடிவங்கள் தெரிந்தால், பெரும்பாலும் அங்கே இருப்பவை குறைந்தது இரண்டு வழிகள்.

நோய் குறைந்தால் ஒட்டுண்ணியின் மரபணுப் பன்மையும் குறையும் என்பது அவர்களின் அடுத்த வாதம். இலங்கை, மியன்மார், எத்தியோப்பியா நாடுகளின் 425 வைவாக்ஸ் இன மலேரியா ஒட்டுண்ணி மாதிரிகளை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வு இதை மறுக்கிறது. சுமார் 65 சதவீதம் பலவழித் தொற்றுகள். மூன்று நாடுகளில் மரபணுப் பன்மை மிகுந்தது, நோய் அருகிவந்த இலங்கையில்தான்!

நோய் ஒழிந்துவிட்டதே என்ற அலட்சியம் கண்டிக்கு ஆகாது. 1934-35இல் மழை பொய்த்து மகாவலி வற்ற, ஆற்றுக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. நாட்டில் சுமார் 80,000 பேர் மாண்டனர். 1963இல் நோயாளிகள் வெறும் 17 பேர். கண்காணிப்புத் தளர்ந்தது; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் காய்ச்சலில் விழுந்தனர்.

நாளை கண்டியில் ஒருவருக்கு வைவாக்ஸ் தொற்றினால், அது வெளியிலிருந்து வந்ததா, இங்கே பரவியதா, ஈரலில் உறங்கிக் கிடந்து விழித்ததா? பயணக் குறிப்பு பாதி விடைதான். கலந்த வழிகளைப் பிரிக்காமல் மரபணுக்களை ஒப்பிட்டால் தவறான இடத்தில் நுளம்பு தேடுவோம். மாதிரிகள் குறைவு என்பது ஆய்வை நிறுத்தக் காரணமல்ல; ஒவ்வொன்றையும் முழுமையாக ஆராயக் கிடைத்த வசதி.