ஜனாதிபதி ஸ்தானமும் பிரஜைகளின் சுதந்தரமும்

ஜனாதிபதி ஸ்தானம் வெறும் அலங்காரப் பதவி என்போர் 1975-ஆம் வருஷம் ஜூன் 25-ஆம் தேதி இரவை மறந்தவராவர். அன்று ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது இட்ட கையெழுத்தால் தேசம் நெருக்கடி நிலைக்கு உட்பட்டது. தலைவர்களும் தொண்டர்களும் விசாரணையின்றிச் சிறை புகுந்தனர். அவர்கள் கோர்ட்டை அணுகவும் உரிமையில்லை என்று 1976-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். மறுத்துரைத்தவர் எச். ஆர். கன்னா ஒருவரே. அதன் பலன் யாது? மறு வருஷம் அவருக்கு இளையவர் பிரதம நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜிநாமாச் செய்தார்.

1982-இல் எதிர்க்கட்சிகள் கன்னாவையே ஜனாதிபதி பதவிக்கு அபேட்சகராக நிறுத்தின. ஜெயில் சிங் பெருவாரியான வோட்டுகளால் ஜயித்தார். தோற்பவருக்கு அளித்த வோட்டு வீண் என்பாருமுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. 2017-இல் சுப்ரீம் கோர்ட்டே அந்த நால்வர் தீர்ப்பைத் தள்ளி, கன்னாவின் கொள்கையை ஏற்றது.

1978-ஆம் வருஷத்திய 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மந்திரிசபையின் யோசனையை ஒருமுறை திருப்பியனுப்பும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குத் தந்துள்ளது. அதிகாரம் இருந்தென்ன, அதைச் செலுத்தும் நெஞ்சுரம் வேண்டாமா? ஆகவே, பார்லிமெண்டு, சட்டசபை அங்கத்தினர்களே! அபேட்சகரின் ஜாதியையும் பிரதேசத்தையும் ஆராயுமுன், அந்த நெஞ்சுரம் அவரிடம் உண்டா என்று ஆராயுங்கள். உண்டெனில், வெற்றி தோல்வி பாராது அவரையே ஆதரியுங்கள்.