அந்த விளக்கை அழிக்காதீர்கள்

பேரிகைப் பக்கம் நம் வயதுக்காரர்கள் சிலர் பிரேக் பேடைத் தாங்களே மாற்றுகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். மாற்றியபின் டேஷ்போர்டில் எரியும் விளக்கை, காரணம் பார்க்காமல் ஸ்கேனர் வைத்து அழிப்பதைத்தான் நான் ஒப்பமாட்டேன்.

சிவப்பு எரிந்தால் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், சக்கரத்தருகே சென்சார் ஒயர் இழுபட்டிருக்கலாம். 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். மஞ்சள் மட்டும் என்றால் பிரேக் பொதுவாகப் பிடிக்கும். ஆனால் ஈரச்சாலையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இரண்டும் எரிந்தாலோ, பெடல் மெத்தென்று இறங்கினாலோ வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.

மாலூர் சாலையில் ஒருவேளை தப்பித்துவிடலாம். சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அது நடக்காது.