கரிஞ்சாவின் கோணல் கால்கள்

கால்பந்தில் உடல்வலிமையைவிட மனவலிமையே பெரிது என்பது ஏறத்தாழ ஒரு பழமொழியாகிவிட்டது. மனம் பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த மனம் என்பதுதான் கேள்வி.

1958 உலகக் கோப்பைக்கு முன்பு பிரேசில் அணியினரை உளவியலாளர் ஒருவர் சோதித்தார். 17 வயதுப் பெலே சிறுபிள்ளை, போராடும் குணமற்றவர். கரிஞ்சாவும் வேண்டாம் என்பது அவர் முடிவு. உடலை அளந்திருந்தாலும் கரிஞ்சா தேறியிருக்க மாட்டார். இரு கால்களும் ஒரே பக்கம் வளைந்தவை; ஒன்று மற்றதைவிடக் குட்டை.

பயிற்சியாளர் ஃபியோலா மூன்றாம் ஆட்டத்தில் இருவரையும் களமிறக்கினார். கோப்பை பிரேசிலுக்குக் கிடைத்தது. 1962இல் இரண்டாம் ஆட்டத்திலேயே பெலே காயமுற்று விலகினார். காலிறுதியில் இரண்டு, அரையிறுதியில் இரண்டு என்று கோலடித்து அணியைத் தாங்கியவர் கரிஞ்சாதான்.

மனவலிமை என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் உறுதியையே நாம் எண்ணுகிறோம். கரிஞ்சாவிடம் இருந்தது ஆட்டத்தின் மீதான தீராத குதூகலம். ஏய்த்துக் கடந்த தடுப்பாட்டக்காரரை மறுபடி ஏய்ப்பதற்காகவே நின்று காத்திருப்பார். பந்து காலில் பட்டதும் விழித்துக்கொள்ளும் மனம் அது, வினாத்தாளுக்கு அகப்படாது. களத்துக்கு வெளியே அது அவரைக் காக்கவுமில்லை. 1983இல், 49 வயதில், குடி அவரைக் கொண்டுபோயிற்று.

மனமா உடலா என்ற பட்டிமன்றம் இரண்டையும் தனித்தனியே அளந்துவிடலாம் என்று நம்புகிறது. அந்த நம்பிக்கைதான் எனக்கு அச்சமூட்டுகிறது. ஆடவிட்டுப் பார்க்காமலே பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் வேலையை ஆசிரியர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் செய்துகொண்டுதானே இருக்கிறோம்?