சாலை அகலமாகட்டும், நம் உரிமை குறுகிவிடக் கூடாது!



1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அதே ஆவடியில் சி.டி.எச். சாலை ஓரம் கடை வைத்திருப்பவரிடம், "சாலைக்காக உங்கள் கடையை எடுத்தால் எந்தச் சட்டப்படி எடுப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பார். இந்த அறியாமைதான் அதிகாரிக்கு வசதி! தரகனுக்கு வருமானம்!

பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் வழியாகத் திருநின்றவூர் வரை சுமார் 22 கிலோமீட்டர். ஒரு காலத்தில் தேசிய நெடுஞ்சாலை 205ன் பகுதி. பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையின் கைக்கு வந்தது. 2019ல் ஆவடி மாநகராட்சியும் ஆனது. பெயர்கள் மாறின, நெரிசல் மாறவில்லை. அகலப்படுத்தும் பேச்சோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

சாலை அகலமாவதை நாம் எதிர்க்கவில்லை. ஆம்புலன்சில் கிடப்பவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். நமது கேள்வி வேறு. இழப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டும் என்றது 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம். சமூகத் தாக்க ஆய்வு செய், மக்களைக் கூட்டிக் கருத்துக் கேள் என்றது. தமிழக அரசு என்ன செய்தது? 2014ல் திருத்தம் கொண்டுவந்து, தனது நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட மூன்று சட்டங்களுக்கு விலக்குத் தேடிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் முன்தேதியிட்டு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சட்டப்படி சரி! நியாயப்படி சரியா?

ஆனாலும் நம் கை முழுக்கக் கட்டப்படவில்லை. இழப்பீட்டுக் கணக்கு மத்தியச் சட்டப்படியே. நகர்ப்புறத்தில் நிலம், கட்டிடம் இவற்றின் மதிப்பும், அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர வேண்டும். நெடுஞ்சாலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உரிமையாளரை மட்டுமல்ல, அந்த நிலத்தில் உரிமை உள்ள மற்றவரையும் ஆட்சேபம் தெரிவிக்க அழைக்கிறது. நடைபாதை வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியாமல் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது.

இனி நம் குறையையும் பேசுவோம். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்துப் பதிவு செய்தோம். பக்கத்துக் கிரயப் பத்திரங்களையும் வைத்துத்தான் சந்தை மதிப்பு கணக்கிடப்படுகிறது. அன்று மறைத்த தொகை இன்று நம் தலையிலேயே விழும்! இருபது வருடக் கடைக்கு வாடகை ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, எல்லாம் வாய்வார்த்தை. கடைக்கு முன்னே ஷெட்டை இழுத்துவிட்டு நடப்பவரை ரோட்டில் தள்ளினோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளை என்று படித்தவர்களா நாம்?

வணிகர்களே! பட்டா, வில்லங்கச் சான்று, வாடகை ரசீது, வரி ரசீது அனைத்தையும் ஒரே கோப்பில் சேருங்கள். நோட்டீஸ் வந்தால் கெடு முடியுமுன் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். இளைஞர்களே! படிக்கத் தெரியாத பெரியவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். அவர் எந்தச் சமுதாயம் என்று பார்க்காதீர்கள். புல்டோசர் பார்க்காது.

இடிக்க வந்த பிறகு கூடி அழுவதா? இன்றே கூடிப் பேசுவதா?

சிந்திப்பீர்! செயல்படுவீர்!