பேருந்தில் ஏறிய பிள்ளை, வீட்டில் நின்ற நாய்



2018ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், வியாழக்கிழமை காலை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில், பைன் மரங்கள் சூழ்ந்த மலைமுகட்டில் 'பாரடைஸ்' என்றோர் ஊர். பெயருக்குப் பொருள் விண்ணகம். ஏறத்தாழ 26,000 பேர் அங்கே வாழ்ந்தனர். அன்றும் பிள்ளைகள் வழக்கம்போல பள்ளிக்குக் கிளம்பினார்கள். மாலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வீட்டு நாயையும் பூனையையும் விட்டுச் சென்றார்கள்.

அந்த மாலை வரவேயில்லை. காலை ஆறரை மணியளவில், ஊருக்குக் கிழக்கே உயரழுத்த மின்பாதையில் தேய்ந்துபோயிருந்த ஒரு பழைய கொக்கி முறிந்தது. அதில் பிறந்த பொறி காய்ந்த புல்லைப் பற்றியது. பலத்த காற்று அதை ஊருக்குள் கொண்டு வந்தது. சில மணி நேரத்திற்குள் பாரடைஸ் சாம்பலானது. 85 பேர் இறந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அந்த மின்பாதையின் உரிமையாளரான பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம், 84 பேரின் சாவுக்குக் காரணமான குற்றத்தை 2020இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

அன்று பள்ளிப் பேருந்து ஓட்டுநர் கெவின் மெக்கே, 22 பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் ஏற்றிக்கொண்டு, நெருப்புக்கும் நெரிசலுக்கும் நடுவே ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டினார். புகை உள்ளே நிறைந்தபோது தம் சட்டையைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, பிள்ளைகளின் மூக்கில் வைத்துக்கொள்ளக் கொடுத்தார். எல்லாரும் பிழைத்தனர். உலகமே அவரைப் பாராட்டியது.

ஆனால், இப்படித் தப்பிய ஒரு பிள்ளை முதலில் என்ன கேட்கும்? "அம்மா எங்கே? அப்பா எங்கே?" அவர்கள் நலமாக வந்து சேர்ந்தபின் அடுத்த கேள்வி வரும்: "நம் நாய் எங்கே?" இதற்குப் பெற்றோரிடம் பதில் இருக்காது. பிள்ளை பள்ளியில், பெற்றோர் வேலையில், விலங்கு பூட்டிய வீட்டில். ஊரைவிட்டு வெளியேறும் சாலைகளில் மட்டுமே வண்டிகள் ஓடின; உள்ளே போக வழியில்லை. தீ அடங்கிய பின்னும் ஊர்மக்கள் வீடு இருந்த இடத்தைப் பார்க்கப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. காட்டுத்தீ ஒரு பிள்ளையையும் அது வளர்த்த உயிரையும் பிரிப்பது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் கைவிட்டதால் அல்ல. தீ வந்த நேரத்தில் ஆளுக்கொரு இடத்தில் இருந்ததால்.

"மனிதர்களே கருகிச் செத்திருக்கும்போது நாயைப் பற்றியும் பூனையைப் பற்றியும் பேசலாமா?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனித உயிரே முதன்மையானது, அதில் ஐயமில்லை. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலும், மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை விலங்குகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று எச்சரிக்கிறது. அதே நூல், விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றிடம் பரிவு காட்டுவது நம் கடமை என்றும் கற்பிக்கிறது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை அமெரிக்கர்களுக்குப் புரியவைத்தது ஒரு சிறுவனின் அழுகை. அது நடந்தது தீயில் அல்ல, வெள்ளத்தில்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. சூப்பர்டோம் விளையாட்டரங்கில் அடைக்கலம் தேடிய ஆயிரக்கணக்கானோரைப் பேருந்துகளில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். விலங்குகளுக்குப் பேருந்தில் இடமில்லை என்பது கட்டளை. ஒரு சிறுவனின் கையிலிருந்த நாயைக் காவலர் ஒருவர் வாங்கிக்கொண்டார். "ஸ்னோபால், ஸ்னோபால்" என்று அதன் பெயரைச் சொல்லிக் கதறிய அச்சிறுவன், அழுது அழுது வாந்தி எடுத்தான். அங்கிருந்த செய்தியாளர் எழுதிய அந்தச் சில வரிகள் நாடெங்கும் பரவின.

புயலுக்குப் பின் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, வெளியேற மறுத்து வீட்டிலேயே தங்கியவர்களில் 44 விழுக்காட்டினர், தங்கள் விலங்குகளை விட்டுவர மனமில்லாததையும் ஒரு காரணமாகச் சொன்னதாகக் காட்டியது. ஆக, விலங்கை ஏற்றாத வண்டியில் மனிதரும் ஏறுவதில்லை! விலங்குக்கு இடம் ஒதுக்குவது மனித உயிரைக் காக்கும் வழியும்கூட என்பதை அரசு அப்போதுதான் உணர்ந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் டாம் லான்டோஸ் இதற்கான சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். நாத்சிகளின் யூத இனப்படுகொலையிலிருந்து தப்பி, பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இடம்பெற்ற ஒரே மனிதர் அவர். 2006 அக்டோபரில் அது சட்டமானது. பேரிடர்த் திட்டங்கள் தீட்டும்போது மாநிலங்களும் உள்ளூர் அரசுகளும் வீட்டு விலங்குகள் உள்ள குடும்பங்களையும் மனதில் கொள்ள வேண்டும் என்கிறது அச்சட்டம். கலிபோர்னியா 2023இல் மேலும் ஓர் அடி முன்னே வைத்தது. அவசரகால முகாம்கள் திறக்கப்படும்போது, அவற்றில் ஒன்றாவது விலங்குகளோடு வருபவர்களை ஏற்கும் முகாமாக இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

இவை நல்ல சட்டங்கள். ஆனால் முகாமின் வாசலில் நிற்பவருக்குத்தான் அவை கதவைத் திறக்கின்றன. பாரடைஸில் அந்த வாசல்வரை விலங்கைக் கொண்டுவர நேரமே இல்லை. 2025 சனவரி 7ஆம் நாள் மாலை லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஈட்டன் தீ பற்றியபோது, மேற்கு அல்டடீனா பகுதி மக்களுக்கு வெளியேறும் ஆணை மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகுதான் வந்தது. அத்தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அப்பகுதியினரே. எச்சரிக்கை முன்னதாகவே வந்தால் பிள்ளையும் தப்பும், பிள்ளையின் பூனையும் தப்பும். தாமதமானால் மனிதருக்கே வழியில்லை. எனவே, பிரிந்த பிள்ளையின் கண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள், மின்பாதையைப் பராமரிக்காத நிறுவனத்தையும், நேரத்தில் வராத எச்சரிக்கையையும் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

அரசு செய்ய முடியாததை அயலார் செய்ததையும் பார்க்கிறோம். பாரடைஸ் எரிந்தபின், தன்னார்வலர்கள் சாம்பலுக்கு நடுவே உணவும் நீரும் வைத்தார்கள். மழைநீர்க் குழாய்களில் ஒளிந்திருந்த பூனைகளைப் பொறுமையாகப் பிடித்தார்கள். தீக்காயமடைந்த விலங்குகளுக்கு டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை சிகிச்சை அளித்தது. ஒரு நாய், எரிந்துபோன தன் வீடு இருந்த இடத்தை விட்டு அகலாமல் ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருந்தது. மீட்புப் பணியாளர் ஒருவர், வீட்டுக்காரரின் மணம் இருந்த துணியை அங்கே போட்டுவைத்து, அதற்கு உணவும் கொடுத்துவந்தார். வீட்டுக்காரர் திரும்பியபோது அது அங்கேயே இருந்தது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மகிழ்ச்சி கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? "அழாதே, வேறொன்று வாங்கித் தருகிறேன்" என்கிறோம். வீடு, பள்ளி, புத்தகம், விளையாட்டுப் பொருள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்த பிள்ளை அது. அவற்றுள் மூச்சுள்ளது அந்த ஒன்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வந்ததும் அதுதான். அந்தத் துயரத்தைச் சிறியது என்று ஒதுக்கினால், தன் மற்ற துயரங்களையும் அது நம்மிடம் சொல்லாது. "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்பது உண்மையானால் அதைச் சொல்வோம். இறந்துவிட்டது என்று தெரிந்தால், பொய் சொல்லாமல், பிள்ளையின் அருகில் அமர்ந்து அதையும் சொல்வோம். சேர்ந்து அழுவதில் தவறில்லை.

தீ ஆபத்துள்ள இடங்களில் வாழும் குடும்பங்கள் செய்யக்கூடியவை எளியவையே. நாயின் கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். தோலுக்கடியில் வைக்கப்படும் அரிசிமணி அளவான சில்லு, விலங்கு எங்கே இருக்கிறது என்று காட்டாது. அதைக் கண்டெடுப்பவருக்கு ஓர் எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணோடு பதிவாகியிருக்கும் தொலைபேசி பழையதாக இருந்தால் பயனில்லை. பிள்ளையும் விலங்கும் சேர்ந்திருக்கும் ஒரு புகைப்படம் கைபேசியில் இருந்தால், பின்னர் உரிமையை நிலைநாட்ட உதவும். எல்லாவற்றிலும் முக்கியமானது, பகலில் வீட்டில் இருக்கும் அயலார் ஒருவரிடம் ஒரு சாவியும் ஒரு வாக்குறுதியும்: "நாங்கள் இல்லாதபோது தீ வந்தால், கதவைத் திறந்து அதையும் அழைத்துச் செல்லுங்கள், ஆனால் உங்கள் உயிர் முதலில்."

பேரிடர்க் காலத்தில் பங்கு மண்டபங்களும் அடைக்கலம் தரும் இடங்களாகின்றன. அங்கே ஒரு குடும்பம் வந்து நிற்கும்போது, பிள்ளையின் கையில் ஒரு நாய்க்குட்டி இருந்தால் நாம் என்ன சொல்வோம்? "இங்கே நாய்க்கு இடமில்லை" என்போமா? மண்டபத்தின் ஓர் ஓரத்தில், வெளித் திண்ணையில், ஒரு கயிறும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைக்க நமக்கு இடமிருக்கிறதா? தீ வந்தபின் யோசிக்க நேரம் இருக்காது. இன்றே யோசிப்போம்.